இடுப்பில் தொங்கும் துப்பாக்கி யாருக்கு அரண்?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு இவ்வளவு நேரமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் டாலஸ் வட்டாரத் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

"பொது இடத்தில் துப்பாக்கி ஏந்தும் உரிமை மக்களுக்கு அரணா, அச்சமா?" என்ற தலைப்பில் அச்சமே என்று வாதிட வந்திருக்கிறேன். வீட்டுக்குள் காவலுக்கு ஒருவர் துப்பாக்கி வைத்திருப்பதையோ, மான் வேட்டைக்குச் செல்பவர் ரைபிள் எடுத்துச் செல்வதையோ நான் இங்கே எதிர்க்கவில்லை. அது தலைப்பிலும் இல்லை. கடைத்தெருவிலும் பூங்காவிலும் ஊர்வலத்திலும், முன்பின் அறியாத மனிதர்களுக்கு நடுவே, எந்தப் பயிற்சியும் எந்த உரிமமும் இல்லாமல் ஒருவர் குண்டு நிரப்பிய துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம் என்ற நிலையைத்தான் எதிர்க்கிறேன். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல் இதுதான் சட்டம். 21 வயது நிரம்பி, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத எவரும் உரிமம் பெறாமலே கைத்துப்பாக்கி ஏந்தலாம்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். கில்லீன் நகரத்து உணவகத்தில் நடந்த கொடுமையைச் சொல்லி, அன்று ஒரு நல்லவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்று கேட்டார். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தந்த ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பறிக்க யாருக்கு அதிகாரம் என்று கேட்டார். உரிமம் கொடுக்கும் அதிகாரம் அதிகாரிகள் கையில் இருந்த காலத்தில், 1956இல் மாண்ட்கோமரியில் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்குக்கே உரிமம் மறுக்கப்பட்டது என்று நினைவூட்டினார். மூன்றும் தட்டிக்கழிக்கக் கூடிய வாதங்கள் அல்ல.

முதலில் கில்லீன். 1991 அக்டோபர் 16 அன்று லூபீஸ் உணவகத்துக்குள் சரக்குந்தை மோதி நுழைந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தன் பெற்றோருடன் உணவருந்திக்கொண்டிருந்த சுசானா ஹப், சட்டம் தடுக்கிறதே என்று தன் கைத்துப்பாக்கியைக் காரிலேயே விட்டு வந்திருந்தார். தந்தை அவர் கண்ணெதிரே சாய்ந்தார், தாயும் அங்கேயே கொல்லப்பட்டார். அவர் பிற்பாடு சட்டமன்ற உறுப்பினராகி இந்த உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் பேசியதில் எந்தப் பொய்யும் இல்லை. அந்தத் துயரத்தின் முன் நான் தலைவணங்குகிறேன்.

ஆனால், நடுவர் அவர்களே, அந்தத் துயரத்துக்கு விடையாக டெக்சஸ் எதைச் செய்தது என்பதை எதிரணித் தலைவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். 1995இல் ஆளுநர் புஷ் கையெழுத்திட்ட சட்டம், மறைத்து ஏந்த விரும்புகிறவர் பின்புலச் சோதனைக்கு உட்பட வேண்டும், வகுப்பில் அமர்ந்து சட்டம் கற்க வேண்டும், எழுத்துத் தேர்வும் குறிபார்த்துச் சுடும் தேர்வும் தேற வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கில்லீனில் இரத்தம் சிந்திய பின்பும் இந்த மாநிலம் பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே துப்பாக்கியைக் கொடுத்தது. உரிமமே வேண்டாம் என்ற நிலை வந்தது 26 ஆண்டுகள் கழித்து. கில்லீனைக் காட்டி 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவு தேடுவது பொருந்தாது.

அரிதாக வரும் கொடிய நொடிக்காக எழுதப்படும் சட்டம், மற்ற எல்லா நாளின் எல்லா மணி நேரத்திலும் நடைமுறையில் இருக்கிறது என்பதையும் அவை எண்ணிப் பார்க்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் இடத்துக்காக வரும் சண்டையில் அது இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஒருவர் குறுக்கே புகுந்துவிட்டார் என்று எழும் கோபத்தில் இருக்கிறது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னபோது, ஆத்திரக்காரன் கையில் அதிகம் போனால் ஒரு கம்போ கல்லோ இருந்தது. 2024 பிப்ரவரி 14 அன்று கான்சஸ் சிட்டியில் அமெரிக்கக் கால்பந்து வெற்றி விழா நடந்தது. 800க்கும் மேற்பட்ட காவலர்கள் பணியில் நின்றார்கள். ஒருவரையொருவர் அறியாத சிலருக்கிடையே "ஏன் முறைக்கிறாய்?" என்ற அளவில் தொடங்கிய வாய்த்தகராறு சில நொடிகளில் துப்பாக்கிச் சூடாக மாறி, ஒரு தாய் உயிரிழந்தார், 20க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். காயமடைந்தவர்களில் பலர் சிறுவர்கள். அங்கே யாரும் கொலை செய்யத் திட்டமிட்டு வரவில்லை. முறைப்பதும் முறைத்தவரை ஏன் என்று கேட்பதும் எல்லா ஊரிலும் நடப்பவை. இடுப்பில் துப்பாக்கி இல்லாத ஊரில் அது சட்டைக் காலரைப் பிடிப்பதோடு முடிகிறது.

இப்போது நம் ஊருக்கே வருகிறேன். 2016 ஜூலை 7 மாலை, டாலஸ் நகரின் நடுவே ஓர் அமைதி ஊர்வலம் போனது. மினசோட்டாவிலும் லூசியானாவிலும் காவலர்கள் இரண்டு கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றதைக் கண்டித்து மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ரைபிளை வெளிப்படையாகத் தோளில் தொங்கவிட்டுச் செல்வது டெக்சஸில் சட்டப்படி சரி என்பதால், இருபது முப்பது பேர் அவ்வாறே நடந்தார்கள். திடீரென்று ஒருவன் காவலர்களைக் குறிவைத்துச் சுடத் தொடங்கினான். ஐந்து காவலர்கள் மாண்டார்கள்.

அந்த நிமிடத்தில் ரைபிள் ஏந்தியிருந்த மற்றவர்கள் என்ன செய்தார்கள்? எல்லாரையும் போல ஓடினார்கள். அது கோழைத்தனம் அல்ல, எங்கிருந்து குண்டு வருகிறது என்றே தெரியாத இடத்தில் அறிவுள்ள எவரும் செய்வது அதுதான். காவல்துறைக்கு அது என்னவாக அமைந்தது? ஓடுகிறவர்களில் ரைபிளோடு ஓடுகிறவர் குடிமகனா கொலைகாரனா என்று தெரியவில்லை. ஊர்வலத்தில் ரைபிள் ஏந்தி நடந்த ஒருவரின் புகைப்படத்தைச் சந்தேக நபர் என்று காவல்துறையே உலகம் முழுவதும் பரப்பிவிட்டது. அவர் தன் துப்பாக்கியைத் தானே காவலரிடம் ஒப்படைத்திருந்தார். குற்றமற்றவர் என்று தெரிந்து விடுவிக்கப்படும் வரை அவர் உயிர் எந்த நூலில் தொங்கியது என்பதை எண்ணிப் பாருங்கள். எல்லாரும் சுடத் தொடங்கினால் நல்லவர் யார் கெட்டவர் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் கேட்டது இதைத்தான். தன் ஐந்து தோழர்களை இழந்த மனிதர் கேட்ட கேள்வி அது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021இல் கொலராடோவின் அர்வாடா நகரில் அதற்கு விடை கிடைத்தது. காவலர் ஒருவரைக் கொன்ற கொலைகாரனைத் துணிந்து எதிர்த்துச் சுட்டு வீழ்த்திய பொதுமகன் ஒருவரை, அவர்தான் கொலைகாரன் என்று எண்ணி, அடுத்து வந்த காவலர் சுட்டுக் கொன்றார். கையில் துப்பாக்கியோடு நின்ற நல்லவர் என்று எதிரணி யாரைச் சொல்கிறதோ, அவர் அவரேதான்.

எதிரணி இதற்கு இண்டியானாவின் கிரீன்வுட் வணிக வளாகத்தைச் சொல்லும். 2022 ஜூலையில் அங்கே மூவரைக் கொன்றவனை 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். உண்மை, அவர் பல உயிர்களைக் காத்தார். நம் ஆலன் நகர வணிக வளாகத்தில் 2023 மே 6 அன்று எட்டுப் பேரைக் கொன்றவனை நிறுத்தியது, வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு காவலர். அந்த எட்டுப் பேரில் குழந்தைகளும் உண்டு, இந்தியாவிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஓர் இளம் பொறியாளரும் உண்டு. இந்த அவையில் பலர் அந்த வளாகத்துக்கு வார இறுதியில் போகிறவர்கள், நானும் போகிறவன். கிரீன்வுட்டில் நடந்தது அருமையான விதிவிலக்கு. விதிவிலக்கை நம்பி ஊருக்கெல்லாம் விதி எழுதக் கூடாது என்பதே என் வாதம்.

அன்று டாலஸ் ஊர்வலம் யாருக்காகப் போனது என்று சொன்னேன் அல்லவா, அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மினசோட்டாவில் முந்தைய நாள் மாலை கொல்லப்பட்டவர் ஃபிலாண்டோ காஸ்டில். பள்ளி உணவுக்கூடத்தில் பணிபுரிந்தவர். முறைப்படி உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தவர். காரை நிறுத்திய காவலரிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே மரியாதையாகச் சொன்னார். சொன்ன சில நொடிகளில், பின் இருக்கையில் ஒரு நான்கு வயதுக் குழந்தை பார்த்திருக்க, சுடப்பட்டார். சுட்ட காவலரை ஜூரி 2017இல் விடுவித்தது. சட்டப் புத்தகத்தில் எல்லாருக்கும் ஒரே உரிமைதான். அதைத் தெருவில் ஏந்தி நிற்கும்போது, எதிரே நிற்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது உரிமமா, தோலின் நிறமா? பழுப்பு நிறத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் இந்த அவை இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியாது. என் மகன் நாளை இடுப்பில் துப்பாக்கியோடு கார் ஓட்டினால் அவனுக்கு அது அரணாக இருக்கும் என்று எந்த நெஞ்சத்தோடு நான் நம்புவேன்?

இங்கேதான் மார்ட்டின் லூதர் கிங் பற்றிய வாதத்துக்கும் விடை இருக்கிறது. கிங்குக்கு உரிமம் மறுக்கப்பட்டது அநீதி. அதிகாரியின் விருப்பு வெறுப்பில் உரிமம் தொங்கியதால் அந்த அநீதி நடந்தது. ஆகவே அதிகாரியின் விருப்பத்தை நீக்குங்கள், தேர்வை நீக்காதீர்கள். பயிற்சி முடித்து, சோதனையில் தேறியவர் எவராக இருந்தாலும் உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டால் கிங்குக்கும் கிடைத்திருக்கும்.

அரசியல் சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் வழக்கில் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்காலியாவே, இந்த உரிமை எல்லையற்றது அல்ல, எந்த ஆயுதத்தையும் எப்படியும் எதற்காகவும் ஏந்தலாம் என்று பொருளல்ல என்று அதே தீர்ப்பில் எழுதினார். 2022இல் நியூயார்க்கில், தனிப்பட்ட தேவையைக் காட்டினால்தான் உரிமம் என்ற விதியை உடைத்த புரூவன் தீர்ப்பு பொது இடத்தில் ஏந்தும் உரிமையை ஏற்றது. அந்தத் தீர்ப்பிலும், பின்புலச் சோதனையும் பயிற்சியும் கேட்டு, தேறியவர்க்கெல்லாம் உரிமம் தரும் முறைக்குத் தடையில்லை. 2024இல் ரஹீமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் சொன்னார்கள். அந்த வழக்கு பிறந்தது இங்கே, நம் பக்கத்து ஆர்லிங்டனில். நண்பரின் கடன் அட்டை செல்லவில்லை என்று ஒரு பர்கர் கடையில் வானை நோக்கிச் சுட்டதும், சாலையில் கார் மோதிய பின் எதிரே வந்தவரை நோக்கிச் சுட்டதும் அந்த வழக்கின் ஆவணத்திலேயே இருக்கின்றன.

புரூவன் தீர்ப்பு சொல்வது போல வரலாறுதான் அளவுகோல் என்றால், நம் டெக்சஸின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் போருக்குப் பின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆயுதக் கும்பல்கள் வேட்டையாடிய நாட்களில், 1871இல் இந்த மாநிலம் பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்துவதைப் பெரும்பாலும் தடைசெய்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 1995 வரை, ஏறத்தாழ 125 ஆண்டுகள், மாடு மேய்த்தவர்களும் எண்ணெய் தோண்டியவர்களும் வாழ்ந்த இந்த மண்ணின் வழக்கம் அதுவாகத்தான் இருந்தது. புரூவன் தீர்ப்பில் நீதிபதி தாமஸ் அதை விதிவிலக்கு என்று ஒதுக்கினார். நாட்டுக்கு அது விதிவிலக்காக இருக்கலாம். டெக்சஸ்காரர்கள் தங்கள் தாத்தாக்களின் சட்டத்தை அந்நியம் என்று சொல்ல முடியாது.

எண்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர்; அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டவர்கள். ஆகவே அந்த முழு எண்ணையும் இன்றைய தலைப்பின் மேல் சுமத்த மாட்டேன். பொது இடத்தில் ஏந்துவதை எளிதாக்கிய மாநிலங்களை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் டொனஹியூவும் அவருடன் ஆய்ந்தவர்களும், சட்டம் வந்த பத்தாண்டுகளில் வன்குற்றம் 13 முதல் 15 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். இதை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆயினும் உரிமமில்லா நிலை பாதுகாப்பைக் கூட்டும் என்று நிறுவும் பொறுப்பு, அதை மாற்றி எழுதியவர்களுடையது.

குற்றவாளி சட்டத்தை மதிக்க மாட்டான், பிறகு உரிமம் எதற்கு என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் கேட்பார். உரிமம் இருந்தவரை, இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பவரிடம் காவலர் அதைக் கேட்டு, ஏந்தத் தகுதியுள்ளவரையும் தடைசெய்யப்பட்டவரையும் பிரித்தறிய முடிந்தது. 2021இல் அந்த வழியை நாமே அடைத்துவிட்டோம். இந்த மசோதாவை அன்று எதிர்த்தவர்களில் டாலஸ் காவல்துறைத் தலைவர் உட்படக் காவல் அதிகாரிகள் பலர் இருந்தார்கள். அவர்களைத் துப்பாக்கிக்கு எதிரிகள் என்று யாரும் சொல்ல முடியாது.

நம் ஊர்க் கடைகளின், மருத்துவமனைகளின் வாசலில் 30.06, 30.07 என்ற பிரிவு எண்களோடு ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் ஓர் அங்குல உயர எழுத்தில் பலகைகள் இருக்கின்றன. துப்பாக்கியை மறைத்தும் உள்ளே கொண்டுவராதீர்கள், வெளிப்படையாகவும் கொண்டுவராதீர்கள் என்று கேட்கும் பலகைகள். நாள்தோறும் வணிகம் செய்கிறவர்கள், நோயாளிகளைக் காக்கிறவர்கள், தங்கள் கூரையின் கீழ் எதை விரும்பவில்லை என்று அந்தப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையை மாட்ட வாசல் உண்டு. தெருவுக்கும் பூங்காவுக்கும் வாசல் இல்லை. அங்கே நம் சார்பில் பேச வேண்டியது சட்டம் மட்டுமே.

நடுவர் அவர்களே, எவர் துப்பாக்கியையும் பறிக்கும்படி நான் கேட்கவில்லை. விரும்புகிறவர் இன்றும் பெறக்கூடிய இந்த மாநில உரிமத்துக்கான வகுப்பு நான்கு முதல் ஆறு மணி நேரம். சுடும் தேர்வுக்கு 50 தோட்டாக்கள். கில்லீனுக்குப் பின் டெக்சஸ் தன் குடிமக்களிடம் கேட்ட அந்தப் பயிற்சியையும் தேர்வையும், பொது இடத்தில் துப்பாக்கி ஏந்தும் ஒவ்வொருவரிடமும் மீண்டும் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பளிக்க வேண்டி, என் இடத்தில் அமர்கிறேன். வணக்கம்.