காட்டு மிளகாய் விதை ஏன் இத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது?

(திரையில்: குழித்தட்டு. தென்னை நார்க்கழிவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.)

விதை போட்டு இன்றைக்கு 23-ஆம் நாள், ஒன்றுகூட வரவில்லை. அன்றைக்கே பக்கத்துத் தட்டில் போட்ட சம்பா மிளகாய் நாலு இலை விட்டு நிற்கிறது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் விதை செத்துப்போச்சு என்று தட்டைக் கொட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து கொட்டாதீர்கள். முதல் வருடம் நானும் கொட்டினேன், அந்த மண்ணைப் போட்ட ரோஜாத் தொட்டியில் ஆவணி மழைக்கு அப்புறம் இரண்டு மிளகாய்ச் செடி எட்டிப் பார்த்தது.

(திரையில்: உள்ளங்கையில் சிவப்புப் பழங்கள், பக்கத்தில் ஒரு குன்றிமணி.)

இதன் பெயர் சில்டெபின். மெக்சிகோவின் சொனோரா, அமெரிக்காவின் அரிசோனா, டெக்சஸ் பக்கங்களில் மெஸ்கீட் மர நிழலில் தானாக வளர்கிற காட்டு மிளகாய். அங்கத்திய நாவாட்ல் மொழியில் இந்தப் பெயருக்குத் தெள்ளுப்பூச்சி மிளகாய் என்று பொருள், அவ்வளவு சின்னது. நாம் குழம்பில் போடுகிற மிளகாய்க்கு இது காட்டு உறவு. அரிசோனாவில் துமாகாகோரி மலைப் பக்கம் இதைக் காப்பாற்றுவதற்கென்றே 1999-இல் ஒரு காட்டுப் பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள்.

சரி, ஏன் முளைக்க மாட்டேன் என்கிறது? வயல் மிளகாயில் சீக்கிரம் முளைத்த செடியிலிருந்தே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துவந்தோம், அதனால் அது பத்து நாளில் வந்துவிடும். பாலைவன ஓரத்தில் வாழ்கிற விதை அப்படி அவசரப்பட்டால் ஒரே ஒரு தூறலை நம்பி எல்லாம் முளைத்து எல்லாம் கருகிப்போகும், அதனால் ஒன்று இப்போது, ஒன்று அடுத்த மாதம் என்று பிரித்துப் பிரித்துத்தான் வரும். விதைக்குள் வேர் நுனிக்கு முன்னால் ஒரு சதைப்பகுதி இருக்கிறது, அது இளகினால்தான் வேர் வெளியே வர முடியும். காட்டு மிளகாயில் அது இளகுவதற்குத்தான் இத்தனை நாள்.

(திரையில்: மிளகாயைக் கொத்தும் பறவை.)

இந்தப் பழம் பறவைக்காகவே காய்க்கிறது. மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, எலிக்கு உறைக்கும். 2001-இல் வெளியான ஆய்வில், எலி தின்ற விதை ஒன்றுகூட முளைக்கவில்லை, பறவை தின்று எச்சமாகப் போட்டது நன்றாக முளைத்தது. அப்புறம் 2013-இல் பொலிவியாவில் இன்னொரு காட்டு மிளகாயை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது: பறவை வயிற்றில் போய்வந்த விதை பிழைப்பது 370 சதவீதம் கூடியிருக்கிறது. காரணம், விதைமேல் ஒட்டியிருந்த பூஞ்சையும் எறும்பை இழுக்கிற வாசனையும் அங்கேயே கழுவப்பட்டுவிடுகிறது. நம் ஊர்க் காந்தாரி மிளகாயும் வேலியோரம் யாரும் விதைக்காமல் வருகிறதே, அது கொண்டைக்குருவி போட்ட விதைதான்.

ஆக, குருவி செய்கிற வேலையை நாம் கையால் செய்யப்போகிறோம். நன்றாகச் சிவந்த பழத்தை நசுக்கி (கையுறை கட்டாயம், கண்ணைத் தொடவே கூடாது) விதையை வடிகட்டியில் போட்டு, கொஞ்சம் மணல் சேர்த்து மெதுவாகத் தேய்த்து, வழவழப்பு போகிறவரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். வெயிலில் வேண்டாம், நிழலில் காயட்டும்.

அடுத்தது ஊறவைப்பது. உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட் கொடுப்பார்கள், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், ஒரு நாள் முழுக்க ஊறட்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். பழைய விதை, அதுவும் பத்தே பத்துதான் இருக்கிறது என்றால் மட்டும் ஜிப்ரெல்லிக் அமிலத்துக்கு (விதையை முளைக்கத் தூண்டுகிற செடி ஹார்மோன்) போங்கள்: அரை கிராம் தூளைப் பத்து மில்லி சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றி, அதில் 24 மணி நேரம். அளவு கூடினால் நாற்று நூல் மாதிரி நெட்டையாக வந்து சாய்ந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

ஊறிய விதையை நிழலில் உலர்த்தி, ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சை) தூளில் புரட்டி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். ஒரு மாதம் ஈரத்தில் கிடக்கப்போகிற விதை இது, நாற்றழுகல் வந்தால் பட்ட பாடு எல்லாம் வீண். ஈரம் என்றால் பிழிந்த துணியின் ஈரம், அதற்குமேல் வேண்டாம்.

மற்ற எல்லாவற்றையும்விடச் சூடு முக்கியம். மண் 28-லிருந்து 32 டிகிரி இருக்க வேண்டும். மார்கழியில் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, மாசி கடைசியில் போட்டால் நம் மொட்டைமாடியே அந்தச் சூட்டைக் கொடுத்துவிடும். இரவில் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை, அது நல்லதும்கூட.

(திரையில்: அதே தட்டு, மிக நெருக்கத்தில்.)

இது 34-ஆம் நாள் காலை. மூன்றாவது குழியில் பாருங்கள், வெள்ளையாக ஒரு கழுத்து கொக்கி மாதிரி வளைந்து வந்திருக்கிறது, தலையில் விதைத்தோல் தொப்பி போல மாட்டியிருக்கிறது. அதைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள், இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் தானாக விழுந்துவிடும். மற்ற குழிகளுக்கு இன்னும் இரண்டு மாதம் கொடுங்கள்.