சாவுக்கு மூன்று நாள்

(தென்னாப்பிரிக்கா, ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில், புரட்டாசிச் சனிக்கிழமை பூஜைக்குப் பிறகு பேசியது)

பெரியவர்களுக்கு வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேச விட்டிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் வயதான அப்பா அம்மாவைக் கவனிக்க லீவு எடுப்பதைப் பற்றித்தான் பேச்சு. பசி தெரிந்தவள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இங்கே பாதிப்பேருக்கு அப்பா அம்மா டர்பன் பக்கம், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ. இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குத் திருச்சி, மதுரை. அவர்களுக்கு விமானம், நமக்கு டர்பன் போகும் என்3 சாலை, ஏறக்குறைய 570 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் அந்த வழியிலுள்ள வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி ரோட்டை மூடினார்களே, அன்றைக்குத் திருச்சியும் சாட்ஸ்வொர்த்தும் எனக்கு ஒரே தூரமாகத்தான் தெரிந்தது.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்பாவுக்கு 78 வயது. போன வருஷம் இரண்டு தடவை குளியலறையில் விழுந்தார். போனில் கேட்டால், "ஒண்ணுமில்லம்மா, கால் வழுக்கிருச்சி" என்பார். அம்மாவும் அதையே சொல்வார். நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

பிறகு ஒருமுறை, அவர் கிளினிக் போகும் நாளாகப் பார்த்து லீவு எடுத்தேன். முந்தின ராத்திரி பிஸ்கட் டப்பாவிலிருந்த மாத்திரைகளை மேசையில் கொட்டினேன். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு பெட்டி. பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இரண்டும் அம்லோடிபின் என்ற ஒரே மருந்து. மருந்துக் கம்பெனி மாறிப் புதுப்பெட்டி வந்திருக்கிறது. பழையதை வீணாக்குவானேன் என்று அப்பா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்தார். தலைசுற்றாமல் என்ன செய்யும்? டாக்டர் ஒன்றை நிறுத்தினார். தினமும் போன் பேசியவள்தான் நான். பெட்டி போனில் தெரியாதே!

இந்த நாட்டின் 1997ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருஷத்துக்கு 3 நாள் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுக்கலாம். அப்பாவோ அம்மாவோ இறந்துபோனால் எடுக்கலாம். அவர்கள் படுத்துக் கிடந்தால்? சட்டம் வாயைத் திறக்கவில்லை. உங்கள் முதலாளி கூடுதலாகக் கொடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், என்னுடையவர் கொடுக்கவில்லை.

மிஞ்சுவது ஆண்டு விடுப்பு. வாரம் 5 நாள் வேலைக்குக் குறைந்தது 15 நாள். அதைத் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கரைக்கிறோம். நான் அதில் 4 நாளைக் கிளினிக்குக்கு ஒதுக்கிவிட்டேன். தேதி தெரிந்த அன்றே மேலாளருக்கு எழுதிப் போட்டுவிடுவேன். திடீரென்று ஓடும்போது சுளித்த முகம் இப்போது சுளிப்பதில்லை. இந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போகமாட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான்.

இன்னொன்று. என் அண்ணி அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அன்றாடம் சோறு, துணி, மாத்திரை எல்லாம் அவர் பாடு. தூரத்திலிருந்து வரும் எனக்கு ஆட்டுக்கறி, அவருக்கு வசவு. (புரட்டாசியில் கறிப்பேச்சு, மன்னியுங்கள்.) பெட்டி விஷயத்தில் நான்கூட முதலில் அவர்மேல்தான் பாய்ந்தேன். இப்போது நான் போகிற நாட்களில் அவர் அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. போனமுறை கடற்கரைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குக் கண் பரிசோதனை. திங்கள் மத்தியானம் கிளம்புகிறேன். காரில் இரண்டு இடம் இருக்கிறது. டர்பன் வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.