நெருப்பு முதலில் யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"ஏடுகளில் உலவும் ஜாகுவார் எடுப்பதா, கொடுப்பதா?" என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் அது எடுத்தவற்றை மளிகைக் கடைச் சீட்டு வாசிப்பதுபோல வாசித்துவிட்டு அமர்ந்தார். உயிரை எடுத்தது, உறக்கத்தை எடுத்தது, ஊர் ஊராக நிம்மதியை எடுத்தது. கைதட்டலும் பலமாகத்தான் இருந்தது. நான் கொடுக்கிறது என்று பேச வந்தவன். கொடுத்ததற்குச் சீட்டு எழுதி வைக்கும் வழக்கம் உலகத்தில் குறைவு என்பதால் என் வேலை கொஞ்சம் கடினம்.

முதலில் ஒரு சில்லறைத் தகராறு. எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் மூன்று இடங்களில் "சிறுத்தை" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுத்தை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரியது. ஜாகுவார் அமெரிக்கக் கண்டங்களின் விலங்கு, அங்குள்ள பூனை இனத்திலேயே பெரியது. கையில் இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன், முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டின் தோலிலும் கரும்பூக்கள். சிறுத்தையின் பூ உள்ளே வெறுமையாக இருக்கிறது. ஜாகுவாரின் பூக்களுக்கு நடுவே பாருங்கள், கோலத்தின் நடுவில் பொட்டு வைத்ததுபோல ஒன்றோ இரண்டோ புள்ளிகள். இந்தப் பொட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சற்று நேரத்தில் ஒரு கைதி வருவார், அவருக்கு இது தேவைப்படும்.

தலைவர் டார்வினைச் சாட்சிக்கு அழைத்தார். 1839இல் வெளிவந்த பயண நூலில், பரானா ஆற்றுத் தீவுகளில் ஜாகுவார் பயத்தால் காட்டில் சுற்றித் திரியும் இன்பமே போய்விட்டது என்று டார்வின் எழுதியிருக்கிறார். சாந்தா ஃபே ஊரில் ஒரு தேவாலயத்துக்குள் ஜாகுவார் புகுந்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போன இரண்டு பாதிரியார்களைக் கொன்றது, என்னவென்று பார்க்கப் போன மூன்றாமவர் அரும்பாடுபட்டுத் தப்பினார் என்றும் கேள்விப்பட்டதை எழுதியிருக்கிறார். உண்மைதான். அந்த இருவரையும் என்னால் எழுப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் தலைவர் அதே பத்தியின் முந்தைய வரியை விட்டுவிட்டார். வெள்ளம் வந்து தீவுகளிலிருந்து துரத்தும்போதுதான் இவை மிகவும் ஆபத்தானவை என்று சொல்லிவிட்டுத்தான் டார்வின் தேவாலயக் கதைக்கே வருகிறார். வீடு மூழ்கி வெளியே வந்ததை வேட்டைக்கு வந்ததாகக் கணக்கெழுதுவது நியாயமா?

டார்வின் விரும்பிப் படித்த ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட்டை ஏன் அழைக்கவில்லை? தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றங்கரையில் அத்தூரெஸ் என்ற ஊருக்கு அருகே நடந்த ஒன்றை அவர் பதிவு செய்திருக்கிறார். எட்டு ஒன்பது வயதில் ஒரு பையனும் ஒரு சிறுமியும் புல்லில் உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டிலிருந்து ஜாகுவார் வந்து அவர்களைச் சுற்றித் துள்ளுகிறது, ஒளிகிறது, மறுபடி வருகிறது. கடைசியில் பையனின் தலையில் பாதத்தை வைக்கிறது. முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி. இரத்தம் வழிகிறது. சிறுமி ஒரு மரக்கிளையை ஒடித்து அதை விளாசுகிறாள். ஜாகுவார் ஓடிவிடுகிறது. இது எந்த அணிக்குச் சாதகம் என்று எனக்கே தெளிவில்லை. நடுவரே எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்து மெக்சிகோவின் அஸ்டெக் மக்களின் ஐந்து சூரியர் கதை. அவர்கள் நம்பிக்கையில் உலகத்துக்கு ஐந்து காலங்கள், காலத்துக்கு ஒரு சூரியன். முதல் சூரியனின் காலத்தில் வாழ்ந்தவர்களை ஜாகுவார்கள் தின்று தீர்த்தன, அந்தக் காலத்தின் பெயரே "நான்கு ஜாகுவார்" என்று அம்மையார் உருக்கமாகச் சொன்னார். முதல் சூரியனிலேயே கடையைக் கட்டிவிட்டார் என்பதுதான் என் வருத்தம். ஐந்தாவது சூரியன் எப்படிப் பிறந்தது? பெர்னார்டினோ தெ சாகுன் என்ற பாதிரியார், 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் நவாட்டில் மொழி பேசிய முதியவர்களைக் கேட்டு எழுதிய 12 பகுதி நூலில் அது இருக்கிறது. தியோதிவாகானில் தெய்வங்கள் கூடித் தீ வளர்க்கின்றன. சூரியனாக வேண்டுமென்றால் ஒருவர் அதில் விழ வேண்டும். மேலெல்லாம் புண்ணான, யாரும் மதிக்காத நனவாட்சின் குதிக்கிறார். பகட்டோடு வந்து தயங்கி நின்ற தெய்வம் வெட்கப்பட்டுப் பின்னால் குதிக்கிறது. அவர்களோடு கழுகும் குதித்தது, ஜாகுவாரும் குதித்தது. கழுகின் சிறகு கருகியது. ஜாகுவார், நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் தாமதம். தீ தணிந்த பிறகு விழுந்ததால் முழுவதும் கருகாமல் திட்டுத் திட்டாகப் பொசுங்கியது. அதன் உடம்பில் உள்ள புள்ளிகள் அந்தத் தழும்புகள். அஸ்டெக் படையின் பெருவீரர்களுக்குக் கழுகு, ஜாகுவார் என்று பெயர் வைத்ததும் இதனால்தான். தாமதமாக வந்தாலும் தீக்குள் விழுந்தவனைத் திருடன் பட்டியலில் சேர்க்கலாமா?

தீ என்றதும் என் வழக்கின் மையத்துக்கு வந்துவிட்டேன். மானுடவியலாளர் லெவி-ஸ்த்ரோஸ் 1964இல் வெளியிட்ட நூலில், பிரேசிலின் கயாபோ மக்கள் சொல்லும் கதை ஒன்று வருகிறது. இதை நான் அவசரமாகச் சொல்லப் போவதில்லை. மணி அடித்தாலும் முடித்துவிட்டுத்தான் நகர்வேன்.

ஒருவன் தன் மனைவியின் தம்பியை, சிறு பையனை, பாறை உச்சியில் இருக்கும் பஞ்சவர்ணக் கிளிக்கூட்டுக்கு ஏற்றிவிடுகிறான். மேலும் கீழுமாக வாய்ச்சண்டை வருகிறது. அக்காள் கணவன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பையன் நாள்கணக்கில் மேலே கிடந்து எலும்பும் தோலுமாகிறான். அப்போது கீழே ஒரு ஜாகுவார் வருகிறது. நான்கு காலில் பதுங்கி வரவில்லை, தோளில் வில்லும் அம்பும், கையில் வேட்டையும். பையன் வாய் திறக்கவில்லை, அவ்வளவு பயம். அவனுடைய நிழல் தரையில் விழுகிறது. ஜாகுவார் அந்த நிழலைப் பிடிக்கப் பார்க்கிறது. முடியவில்லை. பிறகுதான் அண்ணாந்து பார்க்கிறது. பார்த்துவிட்டு என்ன செய்கிறது? ஏணியைச் சரிசெய்து வைத்து, இறங்கி வா என்று கூப்பிடுகிறது. உறவுக்காரன் எடுத்துப்போன ஏணியை அந்நியன் வைக்கிறான்.

பையனை முதுகில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அங்கே ஒரு பெரிய மரக்கட்டை கனன்றுகொண்டிருக்கிறது. பையனுக்கு அது என்னவென்றே தெரியாது. அதுவரை மனிதர்களிடம் நெருப்பு இல்லை, இறைச்சியைப் பச்சையாகத் தின்றுகொண்டிருந்தார்கள். சுட்ட இறைச்சியை முதன்முதலாக ஒரு மனிதப்பிள்ளை ஜாகுவார் வீட்டில்தான் உண்கிறான். ஜாகுவார் அவனைத் தத்து எடுக்கிறது, வில்லும் அம்பும் கொடுத்துப் பழக்குகிறது. அதன் மனைவி மனிதப் பெண். அவளுக்குப் பையனைப் பிடிக்கவில்லை, கொடுமைப்படுத்துகிறாள். கொடுத்த அம்பாலேயே அவன் அவளைக் கொன்றுவிட்டு, ஒரு துண்டு இறைச்சியோடு ஊருக்கு ஓடிவருகிறான். ஊரே திரண்டு போய், ஜாகுவார் இல்லாத நேரம் பார்த்து, நெருப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அன்று இரவு முதன்முதலாக ஊரில் வெளிச்சம், சூடு, சமைத்த சோறு.

திரும்பி வந்த ஜாகுவாருக்கு மிஞ்சியது என்ன? கண்ணில் நெருப்பின் பிரதிபலிப்பு மட்டும். அதனால்தான் அது பல்லாலேயே வேட்டையாடுகிறது, பச்சையாகவே தின்கிறது, வளர்த்த பிள்ளை செய்த துரோகத்தால் மனிதர்களை வெறுக்கிறது என்று கதை முடிகிறது. எதிரணித் தலைவர் அவர்களே, நீங்கள் சொன்ன அந்தப் பயங்கரமான கண்கள், இருட்டில் மின்னும் கண்கள், அதில் மின்னுவது உங்கள் வீட்டு அடுப்பு. சொன்னவர்கள் யார் என்றும் பாருங்கள். அந்தக் காட்டிலேயே இருந்து, ஜாகுவாரின் பல்லை நன்றாக அறிந்தவர்கள். அவர்களே தங்கள் கதையில் திருடன் நாங்கள்தான் என்று வைத்திருக்கிறார்கள்.

பொபொல் வூவைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டுப் போகிறேன். குவாத்தமாலாவின் கிசே மாயர்களின் நூல். ஹிமெனெஸ் என்ற பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படியெடுத்து வைத்ததால் நம் காலம்வரை வந்திருக்கிறது. பாதாள உலகத்தில் கதைநாயகர்களான இரட்டைச் சகோதரர்களை ஜாகுவார்கள் நிறைந்த வீட்டில் அடைக்கிறார்கள். அவர்கள் எலும்புகளைப் போட்டு, இதுதான் உங்களுக்கு உரியது என்கிறார்கள். ஜாகுவார்கள் சரி என்று ஏற்றுக்கொள்கின்றன. வெளியே எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டுப் பாதாளப் பிரபுக்கள் மகிழ்ந்துபோகிறார்கள். காலையில் இருவரும் நடந்து வருகிறார்கள். அதே நூலில் சோளமாவில் பிசைந்து படைக்கப்பட்ட முதல் மனிதர்கள் நால்வர். அவர்களில் மூவரின் பெயரில் "பாலாம்" இருக்கிறது. பாலாம் என்றால் ஜாகுவார். பயந்தவனின் பெயரை யாரும் பாட்டனுக்கு வைப்பதில்லை.

இப்போது கைதியை அழைக்கலாம். அர்ஜென்டினாவின் போர்ஹெஸ் 1949இல் வெளியிட்ட தொகுதியில் இருக்கும் சிறுகதை. சினாகான் என்ற பூசாரி, ஸ்பானியத் தளபதி அல்வராதோ கோயிலைக் கொளுத்தியபின் நிலவறையில் கிடக்கிறார். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு ஜாகுவார். நண்பகலில் காவலாளி மேலே கதவைத் திறந்து தண்ணீரும் இறைச்சியும் இறக்கும் அந்த ஒரு கணத்தில்தான் வெளிச்சம். தெய்வம் ஒரு வாக்கியத்தை அழியாத இடத்தில் எழுதி வைத்திருக்கிறது என்பது அவருடைய மரபு. எங்கே? கோயில் போயிற்று, ஏடு போயிற்று, ஆனால் ஜாகுவார் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும், புள்ளிகள் அழியா. நாளுக்கு ஒரு கணமாக, ஆண்டுக்கணக்கில், அந்தப் பொட்டுகளை எழுத்துக் கூட்டுகிறார். கடைசியில் 14 சொற்கள் கிடைக்கின்றன. உரக்கச் சொன்னால் சிறை தூளாகும், அல்வராதோவை ஜாகுவாரின் பல் கிழிக்கும். அவர் சொல்வதில்லை. வாசித்தவர் வேறு ஆளாகிவிட்டார், பழைய சினாகானின் பகை அவருக்கு முக்கியமாகப் படவில்லை. பக்கத்து அறையில் பசியோடு உலவும் விலங்கு ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன கொடுக்க முடியும்?

எதிரணியின் பலமான அம்பு மூன்றாவதாகப் பேசிய தம்பியிடமிருந்து வந்தது. பிரேசிலின் கிமராயிஸ் ரோசா 1961இல் வெளியிட்ட கதை. தம்பி நன்றாகப் படித்திருக்கிறார், பாராட்டுகிறேன். காட்டுக் குடிசையில் ஓர் இரவு. வழிதவறி வந்தவனிடம் குடித்துக்கொண்டே ஒரு வேட்டைக்காரன் பேசுகிறான். அவன் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது, எதிரே இருப்பவன் பேச்சே இல்லை. இப்போது என் எதிரணி இருப்பதுபோல. அந்த வட்டாரத்தில் ஜாகுவாரே இல்லாமல் ஆக்கச் சொல்லிக் கூலிக்கு அமர்த்தப்பட்டவன். பேசப் பேச, கொல்வதை நிறுத்திவிட்டான், மனிதர்களை ஜாகுவாருக்கு இரையாக்கியிருக்கிறான், அவனே மாறிக்கொண்டிருக்கிறான் என்று தெரிகிறது. வந்தவன் துப்பாக்கியை நீட்ட, கதை உறுமலும் முனகலுமாக உடைந்து நிற்கிறது. இது மனிதனின் மொழியையே எடுத்துக்கொண்டது இல்லையா என்று தம்பி கேட்டார்.

செத்தவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மொழிக்கு இருக்கிறது. இந்த மனிதனுக்குப் பெயர்கள் ஏராளம். தாய் வைத்தது ஒன்று, பாதிரியார் வைத்தது ஒன்று, வேலை கொடுத்தவர்கள் வைத்தவை வேறு. கடைசியில் எதுவும் ஒட்டவில்லை. பழங்குடித் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்த அவனை எந்த ஊரும் தன்னவன் என்று சொல்லவில்லை. உறவு என்று ஏற்றுக்கொண்டது ஜாகுவார்தான். தலைப்பே "என் மாமன் ஜாகுவார்" என்பதுதான். எந்த மாமன்? தாயின் உடன்பிறந்தவன் என்று அவனே சொல்கிறான். ஆங்கிலத்தில் இதைப் படிப்பவர்களுக்குப் பெரியப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ஒரே சொல். நமக்குத் தாய்மாமன் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை, காது குத்திய நாளிலிருந்து தெரியும். கூலிக்குத் தாய்மாமன்களைக் கொன்றவனின் கதை அது. அவன் வாயில் மொழி உடைவது ஜாகுவார் பறித்ததாலா, அந்தக் கூலி உடைத்ததாலா? தம்பி வீட்டுக்குப் போய் மறுபடியும் படிக்கட்டும்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு புத்தகம், அதுவும் குழந்தைகளுக்கான படப்புத்தகம். ஆலன் ரபினோவிட்ஸ் என்ற விலங்கியலாளர் 2014இல் எழுதியது. சிறுவயதில் அவருக்குக் கடுமையான திக்குவாய். மனிதர்களிடம் ஒரு வாக்கியம் முடிக்க முடியாத பையன், நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் ஜாகுவாரின் கூண்டருகே குனிந்து பேசினால் சரளமாக வருகிறது. என் குரல் எனக்குக் கிடைத்தால் உனக்காகப் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். வளர்ந்து பெலிஸ் நாட்டுக்குப் போய் ஜாகுவாரை ஆராய்கிறார். வேட்டை மும்முரமாக நடந்த காலம். பிரதமர் முன்னிலையில் பேச அவருக்குக் கிடைத்தது 15 நிமிடம். திக்காமல் பேச வேண்டும். இந்த மேடையில் மணிக்குப் பயப்படும் எனக்கே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பேசினார். காக்ஸ்கோம்ப் பள்ளத்தாக்கு ஜாகுவார்களுக்கான காப்பகமாயிற்று.

பிறகு ஒரு நாள் அந்தக் காட்டில் ஓர் ஆண் ஜாகுவாரின் கால்தடத்தைத் தொடர்ந்து போகிறார். தடம் முடியவில்லை, பொழுது சாய்கிறது. திரும்பிப் பார்க்கிறார். அவர் பின்தொடர்ந்த ஜாகுவார் அவருக்குப் பின்னால் நிற்கிறது, எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவர் குந்துகிறார். அதுவும் உட்கார்கிறது. படப்புத்தகத்தின் முடிவில் அவர் மண்டியிட்டு அதனிடம் மெல்ல ஒரு சொல் சொல்கிறார். நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிய அந்த இரவில் யாருக்கும் சொல்லத் தோன்றாத சொல்: நன்றி.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. வணக்கம்.