ஈமானை மறைத்தவரும் சாட்சியத்தை மறைத்தவர்களும்

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியோர்களே, சகோதர சகோதரிகளே!

ஊர் ஏற்காத கருத்தை ஒருவர் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டால், அதைக் கோழைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். குர்ஆன் அப்படி முடிக்கவில்லை. எகிப்து மன்னன் ஃபிர்அவ்னின் குடும்பத்தில் தன் ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, மறைத்து வாழ்ந்த ஒருவரை அதன் 40ஆம் அத்தியாயம் காட்டுகிறது. மறைத்ததற்காக இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அந்த அத்தியாயத்துக்கே 'அல்முஃமின்' (நம்பிக்கையாளர்) என்ற பெயரும் அவரால் வந்தது. ஆனால் மூஸா நபியைக் கொல்லும் பேச்சு எழுந்ததும், 'என் இறைவன் அல்லாஹ்' என்று சொல்வதற்காகவா ஒரு மனிதரைக் கொல்லப் போகிறீர்கள் என்று அவர் கேட்டுவிட்டார். தன் உயிருக்காகக் காத்த மௌனத்தை இன்னொருவர் உயிருக்கு ஆபத்து வந்தபோது அவர் காக்கவில்லை.

அலுவலகத்திலும் வாடகை வீட்டிலும் நம்மவர்கள் வாய்மூடி இருப்பதற்குக் காரணங்கள் உண்டு; அவற்றை நான் எளிதாக எண்ணவில்லை. நான் பேசுவது நம் சொந்த மஹல்லாவுக்குள், நம் பள்ளிவாசலைச் சேர்ந்த மக்களுக்குள், நிலவும் மௌனத்தைப் பற்றி. அங்கே நம் உயிருக்கு ஆபத்தில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் முகங்கொடுத்துப் பேசமாட்டார்களே, மகளுக்குச் சம்பந்தம் பேச வரமாட்டார்களே என்ற அச்சம்தான் இருக்கிறது.

1950களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ், கோடுகளின் நீளத்தைக் கேட்டு நடத்திய சோதனைகளில், சுற்றியிருந்தவர்கள் ஒன்றாகத் தவறான விடை சொன்னபோது, ஏறத்தாழ நான்கில் மூவர் ஒரு தடவையாவது தம் கண் கண்டதை விட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், அந்தச் சாய்வு பெரிதும் குறைந்தது.

மண்ணடியில் எங்கள் ஜமாஅத் கூட்டமொன்றில் இதை நானே கண்டேன். குர்ஆனின் 4:11 வசனம் பெற்றோர் சொத்தில் மகளுக்கென்று பங்கை வகுத்திருக்க, தங்கையிடம், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்போவதாக அண்ணன்மார் சொன்னார்கள். "அவளே மனசார விட்டுக்கொடுக்கிறாள்" என்றார் மூத்தவர். கதவோரம் நின்ற அந்தப் பெண் முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. "சாட்சியத்தை மறைக்காதீர்கள், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது" என்ற 2:283ஐ ஓதத் தெரிந்தவர்கள்தாம் எல்லாரும்.

வெளியே செருப்பு மாட்டும்போது ஒரு பெரியவர், "அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியதைக் கொடுத்திருக்கலாம், தம்பி" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன் என்றேன். மறுநாள் இருவருமாக அந்த வீட்டுக்குப் போனோம். காலையிலேயே பத்திரப்பதிவு முடிந்திருந்தது.