ஒரே கட்டடம், இரண்டு கூடங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஃப்ரீ டிரேட் ஹால் என்றொரு பழைய அரங்கம் இருந்தது. அதன் பெரிய கூடத்தில் 1973 நவம்பரில் யெஸ் என்ற இசைக்குழு தன் புதிய இரட்டை இசைத்தட்டை மேடையேற்றியது. எண்பது நிமிடங்கள் ஓடும் அந்தப் படைப்பில் பாடல்கள் நான்கே நான்கு; இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. பாடகர் ஜான் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாத்திரங்களை வகைப்படுத்தும் ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, அதிலிருந்தே இந்த நான்கு பகுதிகளையும் வளர்த்தெடுத்திருந்தார். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கோ இந்தப் படைப்பில் மனம் ஒட்டவில்லை. அந்தப் பயணத்தில், மான்செஸ்டர் மேடையில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோதே, இந்திய உணவகத்திலிருந்து கறிச்சாப்பாடு வந்து சேர, அதைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அதே கட்டடத்தின் மாடியில் சிறிய கூடம் ஒன்றும் இருந்தது. 1976 ஜூன் 4 அன்று, ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு இளைஞர்கள் அந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, லண்டனிலிருந்து செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழுவை வரவழைத்தார்கள். நுழைவுச்சீட்டு ஐம்பது பென்ஸ். வந்தவர்கள் சில பத்துப்பேர்தாம். ஆனால் பின்னாளில் "நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் கூட்டினால் கீழே உள்ள பெரிய கூடமே கொள்ளாது. உண்மையாகவே வந்திருந்தவர்களில் ஒருவரான பீட்டர் ஹுக், மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். பிறகு அவர் ஜாய் டிவிஷன் குழுவின் பேஸ் கலைஞர் ஆனார்.

கீழ்க்கூடத்துக்கும் மேல்மாடிக்கும் இடையே கழிந்தவை இரண்டரை ஆண்டுகள்தாம். அதற்குள், யெஸ் போன்ற முந்தைய தலைமுறைக் குழுக்களின் நீண்ட, சிக்கலான புரோக்ரசிவ் ராக் இசையை, செக்ஸ் பிஸ்டல்ஸ் போன்ற பங்க் கலைஞர்கள் அவ்வளவு கடுமையாகப் புறந்தள்ளியது ஏன் என்பதே இன்றைய உரையின் பொருள். புரோக்ரசிவ் ராக் என்பதை முற்போக்கு ராக் என்று தமிழாக்கலாம். ஆனால் நம் காதில் முற்போக்கு என்ற சொல் விழுந்தால் அதன் பின்னாலேயே கட்சிக்கொடியும் வந்து நிற்கும் என்பதால், ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த இசையை எள்ளி நகையாடுவது எளிது. அது என் நோக்கமன்று. 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, இளைஞர்கள் ஆடுவதற்கென்று பிறந்த ராக் இசை, உட்கார்ந்து ஊன்றிக் கேட்கத்தக்க கலையாகவும் இருக்கமுடியும் என்ற நம்பிக்கை பலருக்குப் பிறந்தது. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவினர் ருஷ்ய இசைமேதை முசோர்க்ஸ்கியின் படைப்பை மின்கருவிகளுக்கு மாற்றி வாசித்தார்கள். ஜெனிசிஸ் குழு 1972இல் இருபது நிமிடங்களைத் தாண்டிய ஒரே பாடலைப் பதிவுசெய்தது. அதற்கு அடுத்த ஆண்டு பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் புகழ்பெற்ற பாடலொன்று ஏழு எண்ணிக்கையில் நடந்தது. மிஸ்ரத்தில் ஊறிய நம் கச்சேரி ரசிகர்களுக்கு அதில் வியப்பில்லை; நான்கில் மட்டுமே கால்தட்டிப் பழகியவர்களுக்கு அது பெரிய தாண்டல்.

சிக்கல் வேறோர் இடத்தில் முளைத்தது. இப்படிப்பட்ட இசையை வாசிக்க நீண்ட பயிற்சி வேண்டும்; வேக்மன் லண்டன் ராயல் இசைக்கல்லூரியில் படித்தவர். சிந்தசைசர்கள், மெலட்ரான்கள் என்னும் விலையுயர்ந்த மின் கீபோர்டுகள் வேண்டும். அவற்றைச் சுமக்க லாரிகளும், அந்த லாரிகளுக்கு ஈடுகட்டப் பெரிய அரங்குகளும் வேண்டும். அரங்கு பெருக்கப் பெருக்க, கடைசி வரிசையில் இருப்பவரின் கண்ணுக்கு மேடை சுருங்கிக்கொண்டே போகும். அவரை ஈர்க்கக் காட்சிகள் தேவைப்படும். 1975இல் அதே வேக்மன், ஆர்தர் மன்னன் கதையைத் தழுவிய தன் படைப்பை, வெம்பிளி அரங்கில் வாத்தியக்குழுவும் பாடகர்குழுவும் சூழ, பனித்தரையில் சறுக்கும் நடனக்காரர்களை வைத்து நிகழ்த்தினார். 1977இல் எமர்சன் குழுவினர் முழு வாத்தியக்குழுவையே அழைத்துக்கொண்டு அமெரிக்கப் பயணம் கிளம்பி, செலவு தாளாமல் நடுவழியில் அந்த வாத்தியக்குழுவைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் இயல்பான தொடர்ச்சிதான். ஆயினும் பதினேழு வயதில் ஒரு பழைய கிட்டாரை வைத்துக்கொண்டு தானும் வாசிக்கலாமா என்று யோசித்த ஒரு பையனுக்கு, அந்தப் படிகள் அத்தனையும் தன் தலைக்கு மேலே எழுந்த மதிலாகத்தான் தெரிந்தன.

நாட்டின் நிலைமை அந்த மதிலை இன்னும் உயர்த்திக் காட்டியது. 1975இல் பிரிட்டனில் விலைவாசி ஒரே ஆண்டில் ஏறத்தாழ 24 விழுக்காடு ஏறியது. வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. 1976இல் அரசு பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குக் கையேந்த நேர்ந்தது. உழைத்து ஈட்டும் உயர் வருமானத்துக்கு அப்போது 83 விழுக்காடு வரை வரி இருந்ததால், பெரிய ராக் நட்சத்திரங்களில் பலர் வெளிநாட்டில் தங்கலானார்கள். 1976 இறுதியில் யெஸ் குழு தன் அடுத்த இசைத்தட்டை ஸ்விட்சர்லாந்தின் மாண்ட்ரோ நகரில், ஏரிக்கரையில் பதிவுசெய்துகொண்டிருந்தது. வேலையில்லாதோருக்கான உதவித்தொகைக்கு லண்டனில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த ஏரிக்கரையிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை.

அப்படிப்பட்ட லண்டனில், 1975இல், கிங்ஸ் ரோடு என்னும் கடைவீதியில் ஒரு பத்தொன்பது வயது இளைஞன் பிங்க் ஃப்ளாய்ட் பெயர் அச்சிட்ட பனியன் அணிந்து திரிந்தான். அந்தப் பெயருக்கு மேலே, தன் கையாலேயே, "நான் வெறுக்கிறேன்" என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைக் கிறுக்கியிருந்தான். அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான ஜான் லைடன் அவன். அந்த வீதியில் விவியன் வெஸ்ட்வுட்டோடு சேர்ந்து துணிக்கடை நடத்திய மால்கம் மெக்லாரன் அவனைத் தன் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகன் ஆக்கினார். பாடத் தெரியுமா என்பதற்கான சோதனை, கடையிலிருந்த ஜூக்பாக்ஸ் என்னும் இசைத்தட்டுப் பெட்டியில் ஒலித்த பாட்டுக்கு ஏற்ப வாயசைப்பது, அவ்வளவுதான்.

ஒரு கோட்பாட்டு அறிக்கை செய்யக்கூடிய வேலையை அந்தக் கிழிசல் பனியன் செய்துவிட்டது. ஆனால் வெறுப்பை மட்டும் வைத்து இசை அமைக்கமுடியாது. அதற்கு மாற்றாக என்ன என்ற கேள்வி இருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு பதில் வந்தது. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டில் பதினான்கு பாடல்கள். மொத்தமும் அரைமணிக்குள் முடிந்துவிடும். யெஸ் குழுவின் ஒன்றரைப் பாடல் அளவுக்குள் ஓர் இசைத்தட்டே அடங்கிற்று. அதே ஆண்டு ஜூலையில் ரமோன்ஸ் லண்டனில் வாசித்தார்கள். 1977 ஜனவரியில், ரசிகர்கள் தாமே அச்சிட்ட சிறு இதழொன்று, கிட்டாரின் கார்டுகள் எனப்படும் சுரக்கூட்டுகளில் மூன்றை மட்டும் கோட்டுப்படமாக வரைந்து, இனி ஒரு குழுவைத் தொடங்குங்கள் என்று எழுதியது. இசை விமர்சனம் என்ற பெயரில் நான் படித்தவற்றுள் இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு விளைவை உண்டாக்கியது வேறொன்றுமில்லை.

மான்செஸ்டர் இளைஞர்களும் அதே மாதத்தில் தங்கள் பதிலைச் சொன்னார்கள். டெவோட்டோவும் ஷெல்லியும் தொடங்கிய பஸ்காக்ஸ் குழு, வீட்டாரிடமும் நண்பர்களிடமும் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாடல்கள் கொண்ட ஒரு சிறிய இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. எந்தப் பாடல் எத்தனையாவது தடவையில் பதிவானது, அதன்மேல் வேறு ஒலி சேர்க்கப்பட்டதா என்பதை எல்லாம் உறையிலேயே அச்சிட்டார்கள். சமையலறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டுச் சமைப்பதைப் போன்றது அது. சலிப்பைப் பற்றிய பாடலொன்றில் கிட்டாரின் தனி ஆவர்த்தனம் வரவேண்டிய இடத்தில், ஷெல்லி இரண்டே சுரங்களை விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். வாசிக்கத் தெரியாதவரின் தடுமாற்றம் என்று அதைக் கேட்பவர் தவறுசெய்கிறார். பத்து நிமிடத் தனி ஆவர்த்தனங்களைக் கேட்டுக்கேட்டு அலுத்த ஒருவர், அந்த வடிவத்தையே கேலிசெய்கிறார். கேலி செய்வதற்கு அந்த வடிவம் அத்துப்படியாகியிருக்கவேண்டும்.

என் கருத்து இங்கேதான் நிற்கிறது. பங்க் கலைஞர்களின் சினம் ஏழு எண்ணிக்கைத் தாளத்தின்மீதோ நீண்ட பாடலின்மீதோ மூண்டதன்று. இசைக்கத் தகுதி யாருக்கு உண்டு என்று சொல்லாமல் சொல்லிவந்த ஓர் ஏற்பாட்டின்மீது அது மூண்டது. அதைப் பணக்காரர், ஏழை என்ற கணக்காக மட்டும் வாசிப்பதும் பிசகிவிடும். ஜெனிசிஸ் குழுவின் நிறுவனர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்னும் உயர்குடிப் பள்ளியில் படித்தவர்கள் என்பது உண்மை. ஆனால் பங்க் அணியின் பெருங்குரலான தி கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மரும் வெளியுறவுத் துறை அதிகாரியின் மகன், விடுதிப் பள்ளியில் வளர்ந்தவர். செக்ஸ் பிஸ்டல்ஸின் முதல் கச்சேரி நடந்ததே செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியக் கல்லூரியில்தான்.

வெளியே காட்டிய பகைக்கும் உள்ளே நடந்த வேலைக்கும் இடையிலும் பொருத்தம் குறைவு. செக்ஸ் பிஸ்டல்ஸின் ஒரே முழு இசைத்தட்டு 1977 அக்டோபரில் வந்தபோது அதைத் தயாரித்தவர்களில் முதன்மையானவர் கிறிஸ் தாமஸ். பிங்க் ஃப்ளாய்டின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டின் ஒலிக்கலவையை மேற்பார்த்தவரும் அவரே. வெளியிட்ட வர்ஜின் நிறுவனம், மைக் ஓல்ட்ஃபீல்டின் நீண்ட கருவியிசைத் தட்டை விற்ற பணத்தில் வேரூன்றியது. தி டாம்ன்ட் என்ற பங்க் குழு தன் இரண்டாம் இசைத்தட்டுக்குப் பிங்க் ஃப்ளாய்டிலிருந்து விலகிப்போன சிட் பாரெட்டைத் தயாரிப்பாளராகக் கேட்டது. கிடைத்தவர் பிங்க் ஃப்ளாய்டின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த நிகழ்ச்சி ஒரு வானொலி நிலையத்தில் நடந்தது. வானொலியில் பேசுகிறவன் அதைச் சொல்லாமல் விடமுடியாது. 1977 ஜூலையில் லண்டனின் கேப்பிட்டல் ரேடியோ, லைடனை அழைத்து அவருக்குப் பிடித்த இசைத்தட்டுகளை ஒலிபரப்பச் சொன்னது. மூன்று கார்டு இரைச்சலை எதிர்பார்த்தவர்களுக்கு ஜமைக்காவின் ரெகே இசையும், ஜெர்மனியின் கேன் குழுவும் கிடைத்தன. கூடவே வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற புரோக்ரசிவ் ராக் குழுவின் பாடகர் பீட்டர் ஹாமில்லின் பாடல்களையும் அவர் போட்டார். தான் உருவாக்கிய முரட்டுப் பிம்பம் குலைகிறதே என்று மெக்லாரன் எரிச்சலுற்றார்.

1978 தொடக்கத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் உடைந்தது. லைடன் பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற புதிய குழுவைத் தொடங்கினார். 1979இல் அவர்களது இரண்டாம் இசைத்தட்டு, திரைப்படச் சுருள் வைக்கும் தகர டப்பியைப் போன்ற உறையில், மூன்று தட்டுகளாக வெளிவந்தது. டப்பியைத் திறந்து முதல் தட்டைச் சுழலவிட்டால், முதலில் வரும் பாடல் பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது.

வணக்கம்.