குளம் என்று ஒரு பெயர்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலையில் பேசியது)

பெரியவர்களுக்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கனடாவில் ஆல்பர்ட்டா என்று ஒரு மாகாணம். அங்கே பூமிக்குள் நிலக்கீலும் மணலும் பிசைந்து கிடக்கின்றன. தோண்டி எடுத்து, சுடுநீரில் அலசி, அதிலிருந்து எண்ணெய் பிரிக்கிறார்கள். எதிர்ப்பவர்கள் அதைத் தார் மணல் என்கிறார்கள். அரசும் கம்பெனிகளும் எண்ணெய் மணல் என்கின்றன. தார் என்றால் கை பிசுபிசுக்கிறது, எண்ணெய் என்றால் விளக்கு எரிகிறது. பாதிச் சண்டை பெயரிலேயே முடிந்துவிடுகிறது.

அலசிய கழிவுநீரைத் தேக்கும் இடத்தை அங்கே குளம் என்கிறார்கள். நமக்குக் குளம் என்றால் மாடு இறங்கும், பிள்ளைகள் குதிப்பார்கள். 2008 ஏப்ரலில் அப்படி ஒரு குளத்தில் காட்டு வாத்துகள் வந்து இறங்கின. பிசுக்கு இறகில் ஒட்டி, எழும்ப முடியாமல் செத்தன. முதலில் 500 என்றார்கள். அடுத்த வருஷம் வெளிவந்த கணக்கு 1,606.

அதே 2008இல் மாகாண அரசு தன் பெயரைத் துலக்க 2.5 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்காக வந்த விளம்பரத்தில் ஒரு படம்: கடற்கரையில் இரண்டு குழந்தைகள் ஓடுகிறார்கள். ஆல்பர்ட்டாவுக்குக் கடல் கிடையாது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் எடுத்த படம் அது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு? பிளாச்சிமடை இங்கிருந்து எவ்வளவு தூரம்? அங்கிருந்த கோக்க-கோலா குளிர்பான ஆலையின் கசடை உரம் என்று சொல்லித்தானே நம் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள்! உரம் என்றால் எந்த விவசாயி வேண்டாம் என்பான்? வாங்கி வயலில் கொட்டினார்கள். 2003இல் பிபிசி வானொலிக்காரர்கள் அந்தக் கசடை எடுத்துப் பரிசோதிக்க அனுப்பினார்கள். ஈயமும் கேட்மியமும் இருந்தன, இரண்டும் நச்சு உலோகங்கள். எனக்குப் பத்திரிகைத் தொழில் என்றால் அதுதான்: சொன்ன பெயரை அப்படியே அச்சடிக்காமல், ஒரு பிடி அள்ளிப் பார்ப்பது. ஆனால் அதற்கு முந்தைய வருஷமே, 2002 ஏப்ரலில், பிளாச்சிமடைப் பழங்குடிப் பெண் மயிலம்மாவும் மற்றவர்களும் ஆலை வாசலில் போராட உட்கார்ந்துவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதை அவர்களுக்கு எந்த ஆய்வுக்கூடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆல்பர்ட்டாவிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அத்தபாஸ்கா ஆற்றின் கீழ்ப்போக்கில் ஃபோர்ட் சிப்பேவையன் என்ற பழங்குடி ஊர். வாத்துப் படம் உலகம் சுற்றியது, கடற்கரைப் படமும் சுற்றியது. இரண்டிலும் இந்த மக்கள் இல்லை. எனக்கு மனசு ஆறாதது இதுதான். 2022 மே மாதம் ஒரு சுரங்கத்திலிருந்து கழிவுநீர் கசிவது தெரிந்தது. கசிவது இன்னதென்று விவரமாக அவர்கள் காதுக்கு வந்தது 2023 பிப்ரவரியில். ஒன்பது மாதம்! அந்த மாதங்களிலும் அவர்கள் வழக்கம்போல அந்தப் பக்கம் வேட்டைக்கும் மீனுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.