அயவாஸ்கா சடங்கு: மருந்தைக் குடிப்பது யார்?

வணக்கம். இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். பெரு நாட்டுக் காட்டுக்குள் ஒரு வாரம், அதில் மூன்று இரவு அயவாஸ்கா, வெள்ளை உடை, மூங்கில் பாய், "உங்களை நீங்களே கண்டடையுங்கள்" என்று ஒரு வரி, கீழே டாலரில் கட்டணம்.

அயவாஸ்கா என்பது அமேசான் காட்டுச் செடிகளைக் காய்ச்சி எடுக்கிற, காட்சிகளைக் காட்டும் ஒரு பானம். அதைப் பற்றி வருகிற பேச்சு பெரும்பாலும் இரண்டு ரகம்தான். ஒரே ராத்திரியில் பத்து வருட மனபாரம் இறங்கிவிடும் என்பது ஒன்று, காட்டில் கிடைக்கிற போதைச் சரக்கு என்பது இன்னொன்று. இரண்டிலுமே ஒரு ஆள் காணாமல் போய்விடுகிறார், வைத்தியர். இந்த வீடியோ அவரைப் பற்றியது.

(திரையில்: பெரு நாட்டு வரைபடம், உக்காயாலி ஆறு, புகால்பா நகரம்)

அமேசான் காட்டில் அயவாஸ்காவைப் பயன்படுத்தும் பழங்குடிகள் பல பேர் இருக்கிறார்கள். நாம் ஷிபிபோ-கோனிபோ மக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிழக்குப் பெருவில் உக்காயாலி ஆற்றங்கரையோரம் வாழ்கிறவர்கள், துணியிலும் பானையிலும் கோடு கோடாகப் பின்னிப் போகிற கெனே என்ற வடிவங்களுக்குப் பேர் போனவர்கள். இவர்களுடைய வைத்தியருக்கு ஒனான்யா என்று பெயர். ஆணும் இருப்பார், பெண்ணும் இருப்பார்.

சடங்கு நடப்பது இரவில். மாலோக்கா என்கிற பெரிய கூரை வீடு, தரையில் மெத்தைகள், ஆளுக்கொரு வாளி. வாளி எதற்கென்று கேட்காதீர்கள், வாந்திக்குத்தான். மப்பாச்சோ என்ற காட்டுப் புகையிலையைப் பற்றவைத்து, மருந்துப் பாட்டிலின் மேல் ஊதி, மெல்ல விசில் அடித்து, அப்புறம் ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். பழுப்பு நிறம், கொழகொழப்பு, படுகசப்பு. விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு அரை மணி, முக்கால் மணி நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு அந்தக் கும்மிருட்டில் வைத்தியர் பாட ஆரம்பிப்பார், அதுதான் இக்காரோ. ஷிபிபோ மூதாட்டிகள் பாடும்போது குரல் உச்சிக்கு ஏறி நூல்போல மெலிந்து நிற்கும். ஒவ்வொருவர் முன்னாலும் வந்து உட்கார்ந்து அவருக்கென்று தனியாகப் பாடுவார்கள். மொத்தம் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் போகும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முன்னால் பல ஊர்களில் நோயாளி இதைக் குடிக்கவே மாட்டார். குடித்தது வைத்தியர். அவருக்கு அது ஸ்கேன் மிஷின் மாதிரி, நோய் எங்கே இருக்கிறது, யார் அனுப்பினார்கள் என்று பார்ப்பதற்கு. நோயாளி சும்மா படுத்திருப்பார், பாட்டு அவர் மேல் வேலை செய்யும். ஷிபிபோ வைத்தியரைக் கேட்டால் குணமாக்குவது அந்தப் பாட்டுதான் என்பார், கோப்பையில் இருப்பது அவர் பார்ப்பதற்கான வழி.

என்ன குறையோடு வருவார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லை, வேட்டைக்குப் போனால் எதுவும் மாட்டுவதில்லை, புருஷன் வேறு வீட்டுக்குப் போகிறான், படகைத் திருடியது யார், பக்கத்து ஊர்க்காரன் சூனியம் வைத்துவிட்டான். எதிரி அனுப்பிய கண்ணுக்குத் தெரியாத முள் உடம்பில் தைத்திருக்கிறது என்பார்கள், வைத்தியர் வாய் வைத்து உறிஞ்சி அதை எடுப்பார். இந்த இடத்தில் 'தன்னைக் கண்டடைதல்' என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். நோய் என்பது அவர்களுக்கு உறவில் விழுந்த முறிவு, பொறாமை, பகை. நீங்கள் உங்களுக்குள்ளே தேடிக் கண்டுபிடிக்கிற சமாச்சாரம் இல்லை. இன்னொன்றையும் விளம்பரங்கள் சொல்லாது: முள்ளை எடுக்கத் தெரிந்தவருக்கு ஏவவும் தெரியும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதனால் நல்ல வைத்தியரைக் கண்டாலும் ஊர் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

(திரையில்: வெட்டிய கொடித் துண்டுகள், பச்சை இலைக் குவியல், அடுப்பில் பெரிய பானை)

பானைக்குள் இருப்பது பொதுவாக இரண்டு செடிகள். பேனிஸ்டீரியோப்சிஸ் காப்பி (Banisteriopsis caapi) என்ற தடித்த கொடி, சக்ருனா என்ற காப்பிச் செடிக் குடும்பத்துப் புதரின் இலை. இலையில் டி.எம்.டி என்ற பொருள் இருக்கிறது, காட்சிகளைக் காட்டுவது அதுதான். ஆனால் அதை மட்டும் விழுங்கினால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் நம் குடலிலும் ஈரலிலும் இருக்கிற மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடைத்துத் தள்ளிவிடும். கொடியில் இருக்கிற ஹார்மின் போன்ற பொருள்கள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன, அப்போதுதான் டி.எம்.டி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. பல மணி நேரம் காய்ச்சுவார்கள். இவ்வளவு செடிகள் உள்ள காட்டில் இந்த ஜோடியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டால், செடிகளே சொல்லிக்கொடுத்தன என்பதுதான் அவர்கள் பதில். பழங்குடிகளின் பேச்சில் கொடிக்குத்தான் முதல் மரியாதை, இலை துணைக்கு வருவது. ஆய்வுக்கூடத்து ஆட்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

அப்புறம் பத்தியம். ஒனான்யா ஆக வேண்டுமென்றால் கோப்பை கோப்பையாக அயவாஸ்கா குடித்தால் போதாது. ஊரை விட்டுத் தனிக் குடிசையில் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் பத்தியம் இருக்க வேண்டும். உப்பு கிடையாது, சர்க்கரை கிடையாது, பன்றி இறைச்சி கிடையாது, சாராயம் கிடையாது, உடலுறவும் கிடையாது. வாழைக்காயும் கொஞ்சம் மீனும்தான். அந்தப் பத்தியக் காலத்தில் ஒரு குறிப்பிட்ட மரத்தின் பட்டையையோ செடியின் வேரையோ தினமும் சாப்பிட்டு, அந்தச் செடியோடு பழகி, கனவில் அதனிடமிருந்து பாட்டு வாங்க வேண்டும். பத்தியம் முறிந்தால் செடி திருப்பி அடிக்கும் என்று பயம். இப்படி ஒவ்வொரு செடியாகப் போகும். நகரத்திலிருந்து வருகிற நபர் மூன்று இரவுக்குப் பிறகு "நானும் ஹீலர்" என்று ஊருக்குத் திரும்பிக் கடை விரிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.

அயவாஸ்கா சடங்குக்கு "ஐயாயிரம் வருடப் பழமை" என்று தைரியமாக எழுதுகிறார்கள். நம்பாதீர்கள். தென்மேற்கு பொலிவியாவின் ஒரு குகையில் சுமார் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு மருந்துப் பொதி கிடைத்தது, 2019-ல் ஆய்வு வெளிவந்தது. நரி முகத் தோல் மூன்றைச் சேர்த்துத் தைத்த ஒரு பை, அதில் ஹார்மினும் டி.எம்.டியும் இருந்ததற்கான தடயம். ஆனால் ஒரே பானையில் காய்ச்சிக் குடித்தார்கள் என்று அது நிரூபிக்கவில்லை, மூக்குப்பொடியாகவும் இழுத்திருக்கலாம். இன்று நாம் பார்க்கிற சடங்கின் பல அம்சங்கள் கிறிஸ்தவ மிஷன்களின் காலத்திலும் 19-ஆம் நூற்றாண்டு ரப்பர் வேட்டையின்போதும் ஆற்றோரமாகப் பரவியவை என்று வாதிடுகிற மானிடவியலாளர்கள் இருக்கிறார்கள். அதனால் மதிப்பு குறைந்துவிடாது.

பிரேசிலில் இதே பானம் தேவாலயத்துக்கே போய்விட்டது. 1930-வாக்கில் அக்ரே மாநிலத்தில் ரைமுண்டோ இரினேயு செர்ரா என்ற கறுப்பினத்தவர் சாந்தோ தாய்மே என்ற மதத்தைத் தொடங்கினார், மேரி மாதாவும் காட்டுக் கொடியும் ஒரே வழிபாட்டில். பெரு அரசு 2008-ல் அயவாஸ்கா மரபை தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இதற்கு நடுவில் 1986-ல் ஒரு அமெரிக்கர் இந்தக் கொடியின் ஒரு வகைக்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார்! பழங்குடி அமைப்புகள் எதிர்த்ததும் 1999-ல் அதை ரத்து செய்தார்கள், 2001-ல் திரும்பக் கொடுத்தார்கள், 2003-ல் காலாவதி ஆனது.

மருத்துவம் என்ன சொல்கிறது? பிரேசிலின் நத்தால் நகரத்தில் ஒரு ஆய்வு நடந்தது. மாத்திரைகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 29 பேர், பாதிப் பேருக்கு அயவாஸ்கா, மீதிப் பேருக்குப் போலி மருந்து. போலி என்று கண்டுபிடிக்கக்கூடாது என்று அதையும் கசப்பாக்கி, குமட்டல் வர துத்தநாக உப்பும் சேர்த்திருந்தார்கள். ஏழாம் நாள் அயவாஸ்கா குழுவில் 64 சதவீதம் பேருக்கும், போலி மருந்துக் குழுவில் 27 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். நம்பிக்கை தருகிற எண்தான், ஆனால் 29 பேர் என்பது ரொம்பச் சின்னக் கூட்டம், ஒரே ஒரு வேளை மருந்து. அங்கே ஒனான்யாவும் இல்லை, இக்காரோவும் இல்லை.

(திரையில்: மாத்திரை அட்டை)

இதை மட்டும் தயவுசெய்து வேகமாக ஓட்டாதீர்கள். கொடி அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது என்றேனே, ஆபத்தும் அங்கேதான். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸடின் மாதிரி மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறவர்கள் இதைக் குடித்தால் உடம்பில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அளவு மீறி உயிருக்கே ஆபத்து வரலாம். டிராமடால் வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்தும் இதில் சேரும். ஃப்ளூவோக்ஸடின் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும், ஆகவே "நாலு நாள் முன்னாடி நிறுத்திட்டேன்" என்பது கதைக்கு ஆகாது, டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது அதைவிட மோசம். குடும்பத்தில் ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் மாதிரி மனநோய் இருந்தால் கிட்டவே போகாதீர்கள். இதய நோய் உள்ளவர்களும் அப்படித்தான். சில இடங்களில் தோயே என்கிற ஊமத்தை இனச் செடியையும் பானையில் போடுகிறார்கள், அது நேரடி விஷம். இருட்டில் பெண்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறிய "குரு"க்கள் பற்றிய புகார்களும் குறைவில்லை, தனியாகப் போகாதீர்கள். இந்தியாவில் டி.எம்.டி போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கோவாவிலோ மலைவாசஸ்தலத்திலோ யாராவது சடங்கு நடத்துவதாகச் சொன்னால், மாட்டிக்கொள்வது நீங்களும்தான்.

ஷிபிபோ வைத்தியம் என்றால் அயவாஸ்கா மட்டும்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2020-ல் கோவிட் வந்தபோது பெருவில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன, ஆக்சிஜன் சிலிண்டருக்கு அடிதடி. புகால்பாவில் ஷிபிபோ இளைஞர்கள் சிலர் 'கமாண்டோ மத்திகோ' என்று ஒரு குழு தொடங்கி, மத்திகோ என்ற செடியின் இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கக் கொடுத்தார்கள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த இலை கோவிட்டைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காத ஜனம் அவர்களிடம்தான் போனது.